முதலில் யார் கால்

புருல்சாவுக்குச் சுவர் பூசத் தெரியும், வாயை மூடத் தெரியாது என்று ஊரில் சொல்வார்கள். பின்பாதி பொய். தலைவர் தோக்தோசுன் 'ஆஷார்' என்று ஊரைக் கூட்டித் தன் கொட்டகையைக் கட்டிக்கொண்டபோது, பூசிக் கொடுத்துவிட்டு வாய் திறக்காமல்தான் வந்தாள். அந்த வெட்கம் இன்னும் ஆறவில்லை.

கூலி வாங்காமல் ஒரு குடும்பத்துக்கு ஊரே வீடு கட்டிக் கொடுப்பதுதான் ஆஷார். சுவருக்குக் குழைக்கும் சேற்றில் வீட்டுக்காரர்தான் முதலில் இறங்கி மிதிக்க வேண்டும். அப்புறம்தான் அடுத்தவர் கால் படலாம். தலைவர் மட்டும் தன் வேலையாளை இறக்கிவிட்டுச் சமாளித்துவந்தார்.

இந்த வருஷம் ஜிபாரின் வீட்டு வடக்குச் சுவர் மழையில் சரிந்தது. கைக்குழந்தையோடு, சுவர் இருந்த இடத்தில் கம்பளத்தைத் தொங்கவிட்டுக் குடியிருந்தாள். பனி விழ இருபது நாள்கூட இல்லை. அவள் ஆஷார் கேட்டதற்குத் தலைவர், "முதல்ல ஊருக்கு விருந்தினர் விடுதி. அப்புறம் பாப்போம்" என்று தள்ளிவிட்டார். விடுதி வரவிருந்தது அவருடைய தோட்டத்தில், ஜிபார் வீட்டுக்கு நேரெதிரே.

விடுதி கட்ட முப்பது பேர் தோட்டத்தில் கூடினார்கள். குழியில் மண்ணும் வைக்கோலும் ஊறிக்கிடந்தன. ஒற்றுமையைப் பற்றிக் கால்மணி நேரம் பேசிவிட்டுத் தலைவர், "ம், இறங்குங்க" என்றார்.

"வீட்டுக்காரர் யாரு?" என்று கேட்டாள் புருல்சா.

"ஊருதான். இதுல என்னம்மா கேள்வி?"

"இல்ல, உங்களுதுன்னா பூட்ஸைக் கழட்டுங்க தலைவரே. நாங்க பின்னாலயே இறங்குறோம்."

இறங்கினால் விடுதி தன்னுடையது என்று ஒப்புக்கொண்டதாகிவிடும். "ஊரோடதுன்னு சொல்றேன்ல. ஊர் மண்ணு, ஊர் வேலை" என்றார் அவர் விறைப்பாக.

"அப்ப சரி. ஊர் சேறுதானே. ஜிபார், நீ இறங்கு."

"நானா அக்கா?"

"உனக்குத்தானே சுவர் இல்ல. கொழந்தைய இப்படிக் குடு."

ஜிபார் குழியில் கால் வைத்தாள். பிறகு ஒருவர் கால்சட்டையைச் சுருட்டினார். அடுத்தவர் வாளியை எடுத்தார்.

மத்தியானத்துக்குள் ஜிபாரின் சுவர் இடுப்பளவு எழும்பிவிட்டது. தோட்டத்தில் தலைவர் தனியாக நின்றார். அவர் மனைவி, ஆட்களுக்கென்று சமைத்த கறிக் கொப்பரையை மகளோடு தூக்கிக்கொண்டு சாலையைக் கடந்தாள்.

"எங்க போற?" என்றார் தலைவர்.

"ஆஷார் நடக்குற இடத்துக்கு" என்றாள் அவள், திரும்பிப் பார்க்காமல்.