தண்ணீரில் போய் முடிந்த ரோடு

இன்று சாயங்காலம் மந்தாரக்குப்பத்தில் காய்கறி வாங்கிக்கொண்டு, நானும் அப்பாவும் டவுன்ஷிப் பஸ் ஏறினோம். உட்கார்ந்ததும் நார்வேயிலிருந்து தங்கை கவிதா வீடியோ காலில் வந்தாள்.

அவள் தன் விருப்பப்படி கல்யாணம் செய்துகொண்டதிலிருந்து, இரண்டு வருடமாக அப்பா அவளிடம் பேசுவதில்லை. அவள் கூப்பிட்டாலே எழுந்து வெளியே போய்விடுவார். ஓடுகிற பஸ்ஸில், ஜன்னலோர சீட்டிலிருந்து எங்கே போவது?

"அண்ணா, இங்க பாரேன்" என்று, காரை ஓட்டியபடியே ஸ்டாண்டில் மாட்டியிருந்த போனைத் திருப்பி, முன்கண்ணாடி வழியாகக் காட்டினாள்.

மலைகளுக்கு நடுவே கடல் புகுந்து அசையாமல் கிடந்தது. உச்சியிலிருந்து அருவிகள் மெல்லிய வெள்ளைக் கோடுகளாக இறங்கின. அந்தப் பச்சைத் தண்ணீரைப் பார்க்கப் பார்க்க, பஸ் ஓடுவதே எனக்கு மறந்துபோனது.

ரோடு தண்ணீரில் போய் முடிந்தது.

பின்சீட்டுப் பூக்கார அக்கா எட்டிப் பார்த்து, "ஐயோ, ரோடு முடிஞ்சிபோச்சே! இனிமே எப்டிங்க போவாங்க?" என்றார்.

கரையோரம் ஒரு கப்பல் வந்து முன்பக்கத்தைத் திறந்தது. கார் மெதுவாக உள்ளே ஏறி நின்றது. கப்பல் அக்கரைக்கு நகர ஆரம்பித்தது.

அப்பா நிலக்கரி மைன்ஸில் முப்பது வருடம் டம்பர் லாரி ஓட்டியவர். சட்டென்று என் கையிலிருந்து போனை வாங்கினார்.

"ஹேண்ட் பிரேக் போட்டியாம்மா?"

கவிதா போனைத் தன் முகத்துக்குத் திருப்பினாள்.

"போட்டுட்டேம்ப்பா" என்றாள். குரல் உடைந்திருந்தது.

எங்கள் ஸ்டாப் போனதை நாங்கள் இருவருமே கவனிக்கவில்லை.

போன் இன்னும் அப்பாவிடம்தான் இருக்கிறது. இதை அம்மாவின் போனில் தட்டுகிறேன். உங்கள் வீட்டுக் கோபமெல்லாம் எந்த வார்த்தையில் முடிந்தது?