கூஜா விழுந்த பக்கம்

நானும் அவனும் நெல்லையில் ஒரே கல்லூரியில் படித்தோம். கிரிக்கெட் அணியில் அவன் விக்கெட் கீப்பர். நான் பன்னிரண்டாவது ஆள், அதாவது தண்ணீர் சுமப்பவன். ஆனால் கல்லூரிகளுக்கு இடையிலான பேச்சுப் போட்டி என்று வந்துவிட்டால் இருவரும் சமம். ஒருவன் தலைப்பை ஒட்டிப் பேசுவான், மற்றவன் வெட்டிப் பேசுவான். யாருக்கு எந்தப் பக்கம் என்பதைக் குலுக்கிப் போட்ட சீட்டு சொல்லும். பேசுவதை நீ நம்புகிறாயா என்று எந்த நடுவரும் கேட்டதில்லை. அவனுடைய அப்பா ஒவ்வொரு போட்டிக்கும் பஸ் பிடித்து வந்து கடைசி வரிசையில் உட்காருவார். மகன் மேடையேறி வாயைத் திறப்பதற்குள் கைதட்டிவிடுவார். அவனுக்கு மானம் போகும்.

இருபது வருடம் கழித்து இருவரும் அஜ்மானில் பக்கத்துப் பக்கத்துக் கட்டடங்களில் வந்து சேர்ந்தோம். வேலை ஷார்ஜாவில். ஞாயிற்றுக்கிழமை வெயில் ஏறுவதற்கு முன் மணல் பொட்டலில் டென்னிஸ் பந்து கிரிக்கெட், பிறகு டீ, டீயோடு ஒரு வாதம். பரோட்டாவா பிரியாணியா என்கிற மாதிரி உருப்படாத தலைப்புகள்தான். ஒரு திர்ஹம் காசைச் சுண்டிப் பக்கம் பிரிப்போம். அதில் பூவும் கிடையாது, தலையும் கிடையாது. ஒரு பக்கம் காபிக் கூஜா. கூஜா விழுந்தால் வெட்டிப் பேசுவது நான். கூட விளையாடியவர்கள்தான் நடுவர்கள்.

போன வருடம் ஒரு ஞாயிறு அவன் சொன்னான்.

"அப்பாவுக்கு ஞாபகம் தப்பிக்கிட்டே வருதுலே. எம்பேரை மட்டும் விடாம சொல்லுதாராம். வேலையை விட்டுட்டு ஊருக்குப் போயிரலாமான்னு இருக்கு."

ஊருக்குப் போடா என்று அப்போதே சொல்லியிருக்க வேண்டும். மனதில் இருந்ததும் அதுதான். என் புத்தியைப் பாருங்கள், "இன்னைக்கு இதையே பேசிருவோமாலே?" என்றேன். யாராவது முடிவு செய்து கொடுத்தால் போதும் என்று அவனுக்கும் இருந்திருக்கும். சிரித்தபடி காசைச் சுண்டினான். கூஜா விழுந்தது.

போகக் கூடாது என்று நான் பிய்த்து உதறினேன். மருந்துச் செலவுக்கு யார்? உன் மகளின் படிப்புக்கு யார்? கடைசியில் குரலைத் தாழ்த்தி, "நீ பக்கத்துல உக்காந்தா போன ஞாபகம் திரும்பிருமா?" என்றேன். எந்த இடத்தில் குரலைத் தாழ்த்த வேண்டும் என்பது எனக்கு அத்துப்படி. எல்லாரும் கைதட்டினார்கள்.

அவன் "அப்பா தேடுவாருல்லா" என்று இரண்டு முறை சொன்னான். எந்தத் தலைப்பிலும் என்னைத் திணறடிக்கிறவன் அன்று தடுமாறியதைப் பார்த்து, ஜெயித்த மிதப்பில் எனக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது.

"கலாஸ், பேச்சு முடிஞ்சுது. நீ சொல்லுததும் சரிதாம்லே. அடுத்த லீவுல போய்ப் பாத்துக்கிடுதேன்" என்றான்.

லீவு கிடைக்கப் பத்து மாதம் ஆயிற்று. போய்விட்டு வந்த ஞாயிறு, வழக்கம்போல விளையாட வந்தான். மூன்று கேட்ச் விட்டான். டீ குடிக்கும்போது அப்பாவைப் பற்றிக் கேட்டேன்.

"வாசல்ல உக்காந்திருந்தாரு. யாரு தம்பி, யாரைப் பாக்கணும்னாரு. உங்க மவன்தாம்ப்பான்னேன். 'எம்மவன் பேச்சுப் போட்டிக்குல்லா போயிருக்கான், இப்ப வந்துருவான், இருங்க'ன்னு நாற்காலியை இழுத்துப் போட்டாரு. இருட்டுற வரைக்கும் ரெண்டு பேரும் சேந்து எனக்காகக் காத்துக்கிட்டு இருந்தோம்லே."

"நீ போகணும்னுதாம்லே அன்னைக்கே நான் நெனச்சேன்" என்றேன்.

"சொல்லியிருக்கலாம்லா" என்றான்.

குரலில் கோபமே இல்லை. கோபப்பட்டிருந்தாலாவது பதில் பேசியிருப்பேன்.