ஃபேர் லானில் கோல்யாவைத் தேடி

சனிக்கிழமை மதியம் மூன்று மணி. பிரிட்ஜ்வாட்டரிலிருந்து ஃபேர் லானுக்கு ஏறக்குறைய நாற்பது மைல், வழி ஒத்துழைத்தால் ஐம்பது நிமிடம். படம் நான்கு மணிக்கு. பக்கத்து வீட்டு கலினா ஆன்டி இரண்டு மணிக்கே கோட்டை மாட்டிக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டார். ஹைவேயில் கார் ஓட்ட அவருக்குப் பயம், அதனால்தான் எங்களைக் கேட்டிருந்தார். நான் அவரை உட்காரவைத்துக் காபி கொடுத்தேன். என் கணவன் முரளி அப்போதுதான் குளிக்கக் கிளம்பினான்.

"நாலு மணின்னா நாலரைக்கு மைக் டெஸ்ட் பண்ணுவாங்க. அப்புறம் குத்துவிளக்கு, வரவேற்புரை, ஸ்பான்சருக்குப் பொன்னாடை. நம்ம தமிழ்ச் சங்கத்துல என்னிக்கு டைமுக்கு ஸ்டார்ட் பண்ணிருக்காங்க?"

நானும் தலையாட்டினேன். பத்து வருட நியூ ஜெர்சி அனுபவம் அப்படி. போகிற இடம் ரஷ்யர்கள் கூடுகிற இடம் என்பது எங்கள் இரண்டு பேர் மண்டையிலும் ஏறவில்லை.

மூன்றே காலுக்குக் கிளம்பி 287 ஹைவேயில் ஏறினோம். ஏதோ பழைய சோவியத் யுத்தப் படம், ஊர் ஆசையில் பார்க்கப் போகிறார் என்றுதான் நினைத்திருந்தோம். ஆன்டி தன் உடைந்த ஆங்கிலத்தில் மெதுவாக விஷயத்தைச் சொன்னார். அந்தக் காலத்தில் போர்க்களக் காட்சி என்றால் நிஜப் பட்டாளத்தையே நடிக்க அனுப்புவார்களாம். கட்டாய ராணுவச் சேவையில் இருந்த அவர் தம்பி கோல்யாவும் அப்படிப் போனவன்தான். படப்பிடிப்பு முடிந்த கொஞ்ச நாளில் ராணுவ லாரி கவிழ்ந்து செத்துப்போனான். பத்தொன்பது வயது. அவன் அசைகிற படம் உலகத்தில் இது ஒன்றுதான். இணையத்தில் எங்கும் இல்லை. யாரோ பத்திரப்படுத்திய ஒரே பிலிம் சுருளை இன்று ஒருமுறை ஓட்டுகிறார்கள்.

"எந்த சீனில் வருவார்?" என்று கேட்டேன்.

"ஆரம்பத்திலேயே. ஆற்றைக் கடக்கும்போது, முதல் படகில்."

நான் கார்க் கடிகாரத்தைப் பார்த்தேன். முரளி ஆக்ஸிலரேட்டரை மிதித்தான்.

பார்சிப்பனியில் 80-க்குத் திரும்பியதும் எங்கோ முன்னால் விபத்து. வண்டிகள் ஊர்ந்தன.

"எக்ஸிட் எடு முரளி, லோக்கல்ல போயிடலாம்."

"லோக்கல் இன்னும் ஸ்லோன்னு காட்டுது. நீ வேற டென்ஷன் பண்ணாத."

"மைக் டெஸ்ட் பண்ணுவாங்கன்னு நீதானே சொன்ன?"

"நீயும்தானே தலையாட்டின?"

தமிழ் தெரியாவிட்டாலும் சண்டை புரியாதா? ஆன்டி பின்சீட்டிலிருந்து எங்களுக்கு ஆளுக்கொரு சாக்லேட் நீட்டினார். அதை வாங்கும்போது எனக்கு அழுகையே வந்துவிட்டது.

ஃபேர் லானை அடைந்தபோது மணி நான்கு நாற்பது. சின்ன சமுதாயக் கூடம், டிக்கெட் பத்து டாலர். கதவைத் திறந்தால் இருட்டும் பீரங்கிச் சத்தமும். டிக்கெட் கொடுத்தவரிடம் ஆன்டி ரஷ்ய மொழியில் ஏதோ கேட்டார், அவர் தலையை ஆட்டி உதட்டைப் பிதுக்கினார். ஆற்றைக் கடந்தாகிவிட்டது. அந்த இடத்தை மட்டும் மறுபடி ஓட்டுங்கள் என்று நான் கெஞ்சிப் பார்த்தேன். சுருள் நைந்துபோயிருக்கிறது, ஒருமுறை ஓடி முடிந்தாலே பெரிய விஷயம் என்றார்.

"வீட்டுக்குப் போகலாம்," என்றார் ஆன்டி. குரலில் கோபமே இல்லை. திட்டியிருந்தால்கூடத் தேவலை.

முரளி விடவில்லை. சண்டைப் படம் பார்த்தே வளர்ந்தவன். "ஆன்டிகிட்ட சொல்லு, கூட்டத்துல நிக்கிறவங்களை ஒரு சீனோட விடவே மாட்டாங்க. நம்ம படத்துல மார்க்கெட்ல அடி வாங்கின அதே ஆளு, மீசையை மாத்திக்கிட்டு குடோன்லயும் வந்து அடி வாங்குவான். கண்டிப்பா திரும்ப வருவாரு."

சொன்னேன். உள்ளே போய் உட்கார்ந்தோம். ஒல்லி, பெரிய காது, ஆன்டி சொன்னதில் அவ்வளவுதான் எனக்குத் தெரிந்த அடையாளம். பதுங்குகுழியில், அணிவகுப்பில், ஆஸ்பத்திரிக் கட்டில்களில் என்று சோவியத் செம்படை உடுப்பில் வந்த ஒவ்வொரு முகத்தையும் ஆன்டி முன்னால் சாய்ந்து பார்த்தார். ஒன்றும் அவனில்லை. படம் முடியப்போகிறது.

கடைசிச் சண்டை. எரியும் கிராமத்துப் புகைக்குள்ளிருந்து ஜெர்மன் சிப்பாய்கள் ஓடிவந்தார்கள். தலைக்குப் பெரிதான ஹெல்மெட்டோடு வந்த ஒருவன் குண்டடிபட்டுப் பனியில் மல்லாந்து விழுந்தான். அரங்கமே கைதட்டியது. ஆன்டி என் மணிக்கட்டை நெரித்தார்.

"கோல்யா!"

ஜெர்மன்காரர்களாகவும் அதே பட்டாளத்துப் பையன்களைத்தான் ஓடவிட்டிருக்கிறார்கள். எழுந்து நின்ற ஆன்டியை உட்காரச் சொல்லிப் பின்னாலிருந்து அதட்டினார்கள். அவர் திரும்பி ரஷ்ய மொழியில் ஒரே ஒரு வார்த்தை சொன்னார்: தம்பி. எங்களைச் சுற்றிக் கைதட்டல் நின்றது. நம் ஊர்த் தியேட்டரில் அடியாள் பறந்துபோய் விழும்போதெல்லாம் விசிலடித்திருக்கிறோம். அவன் அக்கா பக்கத்து சீட்டில் இருக்கக்கூடும் என்று ஒருநாளும் தோன்றியதில்லை.

திரும்பும்போது 80 காலியாக இருந்தது. முரளி கண்ணாடி வழியாக ஆன்டியையே பார்த்துக்கொண்டு ஓட்டினான். தம்பி சாவதைப் பார்க்கவா இவரைக் கூட்டிவந்தோம் என்று எனக்கு உறுத்தியது. மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். ஆன்டி முந்திக்கொண்டார்.

"பார்த்தாயா? மூக்கில் பனி விழுந்ததும் கண்ணைச் சிமிட்டிவிட்டான். செத்தவன் சிமிட்டுவானா?" சிரிக்கவும் அழவும் செய்தார். "ஒரு நிமிஷம் சும்மா படுத்திருக்கத் தெரியாது அவனுக்கு."