சிலந்தி நூலில் பஞ்சு

சிலந்தியிடம் நூல் எடுக்கும் உத்தியோகத்தில் சம்பளத்துக்கு முன்னால் சந்தேகம் வந்துவிடும். ஊருக்குப் புரியாத வேலை பார்த்தவர்கள் எல்லாருக்கும் இது தெரிந்ததுதான்.

லயத்துக்குப் பின்னால்

மாத்தளையில் ஓர் ஆராய்ச்சி நிலையத்துக்காக எல்கடுவ தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக்குப் பின்னால் பெரிய சிலந்திகளைப் பிடித்து, நூலை உருளையில் சுற்றிக்கொண்டு விட்டுவிடுவேன். நூலை அடைத்து அனுப்பும் ஒரு சின்னக் குழாய் நிறைய நாற்பத்தாறு சிலந்தி வேண்டும். இருபதாவதைச் சுற்றும்போது, கொழுந்தெடுக்கப் போன ஓர் அம்மா கூடையோடு நின்றுவிட்டார்.

"யார் வீட்டுக்குச் செய்வினைன்னு சொல்லிட்டீங்கன்னா, மத்தவங்க நிம்மதியா மலைக்குப் போவோம்."

சோதனைச் சாவடியில்

குழாய் வெள்ளை நிறம், பாதித் தீக்குச்சி நீளம், இறுக்கமான மூடி. வெளிநாட்டில் அதைப் பெரிய காந்தத்துக்குள் சாய்த்து வைத்து, விநாடிக்கு ஆயிரக்கணக்கான தடவை சுழற்றுவார்கள். நூலைக் கரைக்காமலே அதன் அணுக்கள் அடுக்கியிருக்கும் விதம் தெரியுமாம். குழாயோடு நிலையத்துக்குப் போன என்னைப் பஸ்ஸிலிருந்து இறக்கிய பொலிஸ்காரரிடம் இதைச் சிங்களத்தில் சொன்னேன். காந்தமும் அணுவும் மட்டும் அவருக்கு நன்றாக விளங்கின. குழாயை உள்ளே கொண்டுபோய்ப் பதினொரு நிமிடம் வைத்திருந்தார். உள்ளே போகுமுன் அவர் சொன்னது:

"ஐயா, இதுக்குள்ள சிலந்தி நூல்னா, என் துவக்குக்குள்ள தோட்டா இல்ல, இனிக்கிற கித்துள் பாணி."

கடிதம்

மூன்று மாதம் கழித்து, ஒரு திங்கட்கிழமை, வெளிநாட்டுக் கடிதம் வந்தது. நூலோடு பஞ்சும் இருப்பதாக இயந்திரம் காட்டியதாம். அளவை நிரப்ப நான் பருத்திச் சேலை நூலைக் கலந்ததாக நிலையத்தில் முடிவு கட்டிவிட்டார்கள். நாற்பத்தாறு சிலந்திக்கும் தேதியும் எடையும் எழுதிய கொப்பியை என் மேலதிகாரி மிஸ்ஸிடம் நீட்டினேன். ஒரு பக்கம் விடாமல் பார்த்தார்.

"கொப்பி ரொம்பச் சுத்தமா இருக்கு. அதுதான் யோசிக்க வைக்குது. வெள்ளிக்கிழமைக்குள்ள காரணம் சொல்லுங்க, இல்லாட்டி வேற ஆள் பார்க்கணும்."

வியாழக்கிழமை

இரண்டு நாள் சாவடியைத் தலைகுனிந்தே கடந்தேன். வியாழக்கிழமை, அன்றைக்குக் குழாயை என்ன செய்தார் என்று அதே பொலிஸ்காரரிடம் கேட்டுவிட்டேன். மூடியைத் திறந்ததும் கொஞ்சம் நூல் காற்றில் போய்விட்டதாம். குறைந்திருந்தால் நிலையத்தில் என்னைச் சந்தேகப்படுவார்களே என்று, முதலுதவிப் பெட்டிப் பஞ்சை வைத்து அடைத்தாராம். அதை எழுதித் தரமுடியுமா என்று கேட்டேன். சுற்றிலும் ஒரு தடவை பார்த்துக்கொண்டார்.

"எழுதித் தந்தா, உங்க இடத்துல நான் நிற்கணும் ஐயா."

நான் சொன்னதை மிஸ் நம்பவும் இல்லை, என்னை நிறுத்தவும் இல்லை. அடுத்த நாற்பத்தாறையும் என் பக்கத்திலேயே நின்று தானே எண்ணினார், என் உத்தியோகத்தில் எனக்குக் கிடைத்த ஒரே உதவியாள் அவர்தான்.