வாயைத் திறங்க, எலும்புக்கு ஆள் தேடணும்

எலும்பை அடையாளம் காணும் வேலையில் எலும்பால் ஒரு தொந்தரவும் இல்லை. அது பெட்டிக்குள் பேசாமல் இருக்கும், பேசுகிறவர்களெல்லாம் அதன் சொந்தக்காரர்கள்தான்.

கொன்வென்டில் படித்துத் தொலைத்த பாவத்துக்காக, "நீங்கதான் மூணு பாஷையும் பேசுவீங்களே" என்று ஊர்க் காரியத்துக்கெல்லாம் இழுக்கப்படும் சகோதரிகளே, உங்களுக்குத்தான் இதை எழுதுகிறேன். ஹட்டனில் நான் உண்டு, என் அடுப்பு உண்டு என்று இருந்தவள். வட்டவளைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் புது வீடு கட்ட மேட்டை வெட்டியபோது ஓர் எலும்புக்கூடு வந்தது. பல வருஷத்துக்கு முன் ஒரு லயத்தையே, ஒரு வரிசை வீடுகளை அப்படியே, மூடிய மண்சரிவு நடந்த இடம் அது. எலும்பைப் பரிசோதிக்க வந்த பெண் டொக்டருக்குச் சிங்களமும் இங்கிலீஷும்தான் தெரியும். எனக்குப் படிப்பித்த சிஸ்டர் போனில் கூப்பிட்டார். சிஸ்டர் கூப்பிட்டால் ஐம்பது வயதிலும் எழுந்துதானே நிற்கிறோம்? சம்பளம் ஒரு பணிஸ் ரொட்டியும் பால் விடாத பிளேன்டீயும்.

ஆடுகிற பல்

சுத்தமான இடம் வேண்டும் என்று, கொழுந்து பறிப்பவர்களின் குழந்தைகளை விடும் பிள்ளை மடுவத்தைக் கொடுத்தார்கள். குழந்தைகள் உட்காரும் குட்டி நாற்காலியில் நானும் டொக்டரும் முழங்காலை நெஞ்சில் முட்டிக்கொண்டு உட்கார்ந்தோம். மண்சரிவில் ஆளைப் பறிகொடுத்துப் பிரேதமும் கிடைக்காதவர்கள் வந்தால் போதும் என்று அறிவித்திருந்தோம். தோட்டமே வந்தது. வந்த வாயெல்லாம் வெற்றிலை. எலும்போடு ஒப்பிட, பஞ்சுக்குச்சியால் கன்னத்தின் உட்பக்கம் தடவி எடுக்கவேண்டும். குச்சி குங்குமத்தில் தோய்த்த மாதிரி வந்தது. கொப்பளியுங்கள், மறுபடி கொப்பளியுங்கள் என்று கத்தியே என் தொண்டை போயிற்று.

ஒரு பெரியவர் மட்டும் கொப்பளித்துவிட்டு ஒழுங்காக வாயைத் திறந்தார். உங்கள் வீட்டில் யார் காணாமல் போனது என்று கேட்டேன். வாயை மூடாமலே சொன்னார்: "எங்க வீட்டுல எல்லாரும் இருக்காங்கம்மா. இந்தப் பக்கத்துல ஒரு பல்லு ஆடுது, அதயும் பாத்துருங்க."

தாய்மாமன் முறை

காளியம்மா தலைக்குக் குளித்து, பெட்டியில் வைத்திருந்த சேலையைக் கட்டிக்கொண்டு வந்திருந்தார். அவருடைய மகள் சாந்தி கொழுந்து பறித்துக்கொண்டிருந்த பிள்ளை, இருபது வயது. மண்சரிவில் போனவள், ஒரு நகம்கூடக் கிடைக்கவில்லை. இப்போது கிடைத்தது இளம் பெண்ணின் எலும்பு என்று தெரிந்ததும், இது சாந்திதான் என்று தோட்டமே முடிவு செய்துவிட்டது. காளியம்மா ஏதோ மகளைப் பார்க்க வந்தவர் போல வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அவர் வாயைத் திறக்கும் நேரத்தில் அவருடைய அண்ணன் குறுக்கே வந்தார். எந்தக் காரியத்திலும் தாய்மாமனுக்குத்தான் முதல் மரியாதையாம். பெற்றவளின் எச்சில்தான் முக்கியம் என்று டொக்டர் சொன்னதை நான் பொறுமையாக, அதாவது எனக்கு இருக்கிற அளவு பொறுமையாக, எடுத்துச் சொன்னேன். மனுஷன் துண்டை உதறித் தோளில் போட்டார்: "காது குத்துனது என் மடியில வச்சு. இப்ப மட்டும் மாமன் வேணாமா?"

அவருக்கும் ஒரு குச்சி எடுத்த பிறகுதான் சபை அமைதியானது. பிறகு காளியம்மா திறந்தார். நொடியில் முடிந்ததும் அவருக்குச் சந்தேகம் வந்துவிட்டது. என் கையைப் பிடித்துக்கொண்டார்: "இம்புட்டுப் போதுமாம்மா? ரத்தம் வேணும்னாலும் எடுத்துக்கங்க. கொறச்சலா எடுத்துட்டுப் பொறவு இல்லைன்னு சொல்லிரக்கூடாது."

வராத பதில்

முடிவு வர மாதக்கணக்காகும். எலும்பைப் பொடியாக்கி, அதிலிருந்து மரபணுவைப் பிரித்தெடுத்து, பெற்றவர்களுடையதோடு ஒப்பிட வேண்டும். இதைக் காளியம்மாவுக்கு விளக்கியும் இருந்தேன். ஆனாலும் நான் சோறு வடிக்கும் நேரம் பார்த்துப் போன் வரும். "வந்துருச்சாங்களா?" இல்லை என்றால், "சரி, நீங்க வேலயப் பாருங்க." ஒருநாள் எரிச்சலில் நான் போனை எடுக்கவில்லை. அன்று சாயங்காலம் ஆளே பஸ் ஏறி வந்து, என் வீட்டு வாசலில் ஒரு பை நிறைய மரக்கறியோடு நின்றார்.

கடைசியில் முடிவு வந்தது. பொருந்தவில்லை. அது சாந்தி இல்லை. சிங்களத்தில் டொக்டர் சொன்னபோது ஒரு சொல்லாக இருந்தது, தமிழில் சொல்ல எனக்கு நாலு வாக்கியம் பிடித்தது. காளியம்மா தோட்டத்துப் பக்கம் திரும்பிப் பார்த்துக் கேட்டார்: "அப்ப எம்மக இன்னும் மண்ணுக்குள்ளதான் கெடக்காளா?"

புதைத்தவர்களும் வரவேண்டும்

டொக்டர் சின்னப் பெண், ஆனால் விடாப்பிடி. இது சாந்தி இல்லையென்றால் வேறு யாரோ. அந்த மண்சரிவில் இளம் பெண்ணைப் பறிகொடுத்த இன்னொரு குடும்பமும் இருந்தது, அவர்களையும் கூப்பிடுங்கள் என்றார். அது ஆரோக்கியம் வீடு. காளியம்மாவுக்கு அடுத்த காம்பராவில், அதாவது லயத்து அறையில், இருந்த வேதக்காரக் குடும்பம். அவர்களுடைய மகள் ரெஜினாவின் பிரேதம் அப்போதே கிடைத்து, தோட்டத்துக் கல்லறையில் அடக்கமும் செய்து, சிலுவையும் நட்டாயிற்று.

தகப்பன் ஆரோக்கியம் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். நான் என் கொன்வென்ட் குரலை எடுத்துப் பார்த்தேன், பலிக்கவில்லை. "கண்டுபிடிச்சு, பொதச்சு, பூசையும் வச்சாச்சு. நான் எதுக்கு வாயத் தொறக்கணும்?" பின்னால் நின்ற காளியம்மா அவரையே பார்த்தார். அந்தப் பார்வைக்குத்தான் ஆரோக்கியம் உட்கார்ந்தார். உட்கார்ந்தவர் டொக்டரிடம் விரலை நீட்டினார்: "காளிக்காகத் தொறக்கிறேன். எம்மக எங்க இருக்கான்னு எனக்குத் தெரியும்."

ஒரு சோடி தோடு

எலும்பு ரெஜினாவுடையது.

நம்பவே முடியாது என்று ஆரோக்கியம் என்னைத் திட்டினார், டொக்டரைத் திட்டினார், மெஷினையும் திட்டினார். அப்படியானால் அடக்கம் செய்தது யாரை? அன்றைக்கு எதைப் பார்த்து மகள் என்று சொன்னீர்கள் என்று டொக்டர் கேட்கச் சொன்னார். முகம் தெரியவில்லையாம், தோட்டைப் பார்த்துத்தான் சொன்னார்களாம். தங்கத் தோடு, அவர் கையால் மகளுக்கு வாங்கிக் கொடுத்தது.

லயத்து வழக்கம் தெரிந்தவர்களுக்கு இதற்குமேல் விளக்கம் வேண்டாம். ஒரு வீட்டில் நல்ல தோடு இருந்தால், கல்யாணம், சடங்கு, திருவிழா என்று அது எல்லா வீட்டுப் பிள்ளைகளின் காதையும் சுற்றி வரும். மண்சரிவுக்கு முதல்நாள் பக்கத்து லயத்தில் ஒரு பிள்ளைக்குச் சடங்கு. சாந்தியும் ரெஜினாவும் ஒட்டிப் பிறந்தவர்கள் மாதிரி. அந்தத் தோடு அன்றைக்கு யார் காதில் இருந்தது என்று யாரும் கேட்கவும் இல்லை, யாருக்கும் தோன்றவும் இல்லை. ஆரோக்கியம் அந்தக் குட்டி நாற்காலியில் சரிந்து உட்கார்ந்து சொன்னார்: "அவ யாரு கேட்டாலும் கழட்டிக் குடுத்துருவா. எத்தன தடவ ஏசியிருப்பேன்."

சிலுவைக்குப் பக்கத்தில்

நீதவானின் உத்தரவோடு கல்லறையைத் திறந்து, ஒரு சிறு எலும்பு எடுத்து மூடினார்கள். மறுபடி காத்திருப்பு. இந்தத் தடவை காளியம்மா போன் பண்ணவில்லை, நான்தான் பண்ணினேன். பொருந்திவிட்டது. கல்லறையில் இருப்பது சாந்திதான்.

எல்லோரும் கல்லறைக்குப் போனோம். மெல்லிய தூறல். மாமன்காரர் அங்கேயும் முன்னால் வந்து, சிலுவைக்குக் கீழே நம்ம பிள்ளையை எப்படி விடுவது, தோண்டி எடுத்து நம்ம முறைப்படி செய்யணும் என்றார். "நீ செத்த சும்மா இருண்ணே" என்றார் காளியம்மா. ஆரோக்கியம் ஒதுங்கி நின்றார். தன் கல்லறை தன்னுடையது இல்லை என்று ஆகிவிட்டவர் எங்கே நிற்பது? மெதுவாகச் சொன்னார், மன்னிப்புக் கேட்பது போல: "தெரியாமப் போச்சு காளி. வருசா வருசம் கல்லறைத் திருநாளுக்கு மெழுகுதிரி ஏத்துவேன். மழயின்னா கொடயப் புடிச்சுக்கிட்டு, எரிஞ்சு முடியிற மட்டும் உக்காந்திருப்பேன்."

காளியம்மா குனிந்து கல்லறை மேல் ஒட்டியிருந்த பழைய மெழுகைத் தொட்டார், நகத்தால் கொஞ்சம் சுரண்டிப் பார்த்தார். பிறகு எழுந்து ஆரோக்கியத்தின் கையைப் பிடித்தார்: "எம்புள்ள இருட்டுல கெடக்காளேன்னுதான் இம்புட்டு நாளும் அழுதேன். நீ வெளக்கு வச்சிருக்க. இங்கயே இருக்கட்டும். ஒம்மகளயும் பக்கத்துல வையி, ரெண்டும் பேசிக்கிட்டுக் கெடக்கட்டும்."

ஆகவே சகோதரிகளே, உங்களையும் ஒருநாள் இந்த வேலைக்கு யாராவது கூப்பிட்டால் திட்டிக்கொண்டே போங்கள், ஆனால் கைக்குட்டை இரண்டாகக் கொண்டு போங்கள், ஒன்று டொக்டருக்குத் தேவைப்படும்.