நாத்தனார் தந்த கைப்பை

ஆரணியில் பட்டு நெய்யும் குடும்பம் எங்களுடையது. 2005 வாக்கில், சிங்கப்பூரில் வேலை பார்த்த என் நாத்தனார் கலா லீவில் வந்தபோது எனக்கு ஒரு கைப்பை கொடுத்தாள். பெரிய வெளிநாட்டுக் கம்பெனியின் பையாம். சரிகையையே பார்த்துப் பழகிய என் கண்ணுக்கு அதன் மங்கலான பழுப்பு நிறம் பிடிக்கவில்லை. அவள் போன சில மாதங்களில், பழைய துணிக்குப் பாத்திரம் தருபவரிடம் அதையும் சேர்த்துப் போட்டு இட்லிக் குண்டான் வாங்கிவிட்டேன்.

இரண்டு வருடம் கழித்து ஊரோடு வந்துவிட்ட கலா கேட்டாள்: "அண்ணி, நாளைக்குச் சென்னையில இன்டர்வியூ. அந்தப் பையை எடுத்துகினு போவட்டுமா? அந்தக் கம்பெனிக்காரன் வருஷா வருஷம் விலை ஏத்திகினே போறான். எனக்குன்னு ஒண்ணு வாங்கவே முடியல."

பீரோவில் தேடுவதுபோல் நடித்தேன். அவளும் பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு புடவையாக எடுத்துவைத்துத் தேடினாள். அதைப் பார்க்கத் தாங்காமல் உண்மையைச் சொல்லிவிட்டேன்.

புடவைகளைத் திரும்ப அடுக்கினாள். "பிடிக்கலன்னு அன்னிக்கே சொல்லியிருந்தா நானே வெச்சிகினு இருப்பேனே அண்ணி" என்றாள். திட்டியிருந்தால்கூட மனசு ஆறியிருக்கும். மறுநாள் துணிக்கடைப் பையில் சர்டிபிகேட்டுகளை வைத்துக்கொண்டு பஸ் ஏறினாள்.

வேலை கிடைத்துவிட்டது. ஆனால் என் உறுத்தல் போகவில்லை. இப்போதெல்லாம் யார் எது கொடுத்தாலும், பிடிக்காவிட்டால் அப்போதே பக்குவமாகச் சொல்லிவிடுகிறேன். கலாவிடம் மட்டும் அப்படிச் சொல்ல வாய்ப்பே வருவதில்லை. எங்கள் வீட்டுக்கு இப்போது அவள் பழம் மட்டும்தான் வாங்கிவருகிறாள்.