உடுங்க என்றால் ரப்பர் சக்கரம்

எங்கள் கல்லூரிப் போட்டி ரோபோவுக்கு நான் வடிவமைத்த சக்கர மாட்யூல் நல்ல மாட்யூல். அடக்கத்தோடு சொல்ல எனக்குத் தெரியாது. நல்லது என்றால் நல்லது. ரோபோவின் நான்கு மூலையிலும் ஒவ்வொரு தகடு. தகட்டின் ஒரு முனையில் ரப்பர் சக்கரம், தரையைக் கெட்டியாகப் பிடிக்கும். மறு முனையில் ஆம்னி வீல். அதன் விளிம்பில் குட்டி உருளைகள் இருப்பதால் பக்கவாட்டிலும் வழுக்கிக்கொண்டு போகும். நடுவில் ஒரு கீல். காற்று சிலிண்டர் தள்ளினால், பூங்காவில் பிள்ளைகள் ஏறும் சீசா போலத் தகடு சாயும். ஒரு சக்கரம் இறங்கும், மற்றது ஏறும். ஓடியாட ஆம்னி, எதிராளி முட்டித் தள்ளும்போது நகராமல் நிற்க ரப்பர்.

கணபதிப் பகுதியில் எங்கள் வீட்டைச் சுற்றி லேத் பட்டறைகள். இரும்பு சீவும் சத்தத்தில் தூங்கி எழுந்தவள் நான். தகடுகளை வெட்டித் துளை போட்டு வாங்குவது எனக்குப் பெரிய காரியமில்லை. பெரிய காரியம் எங்கள் அணித்தலைவியைச் சம்மதிக்க வைப்பதுதான். அன்னூர்ப் பெண், எனக்கு ஒரு வகுப்பு மூத்தவர். சாதாரண ரப்பர் சக்கரம் நான்கு போதும், கெட்டுப்போக எதுவும் இருக்கக் கூடாது என்பது அவர் கட்சி. கெட்டுப்போகக் கூடாதென்றால் அம்மிக்கல்லையே அனுப்பலாமே என்றேன். சிரித்தார், ஆனால் இறங்கி வரவில்லை. கடைசியில், பக்கத்துக் கல்லூரி அணியோடு நடக்கும் பயிற்சி ஆட்டத்தில் என் மாட்யூல் தாக்குப்பிடித்தால் போட்டிக்குப் போகும், இல்லையென்றால் கழற்றிவிடுவது என்று முடிவானது. ஒரு செமஸ்டர் முழுக்கச் சோறு தண்ணீர் மறந்து செய்த வேலை அந்த ஓர் ஆட்டத்தில் தொங்கியது.

ரோபோவை ஓட்டுபவர் என் வகுப்புத் தோழர், கிணத்துக்கடவுப் பக்கம் தென்னந்தோப்புக் குடும்பம். மரியாதை என்றால் அப்படி ஒரு மரியாதை. ரோபோ சண்டித்தனம் செய்தால்கூட, ஏனுங்க, கொஞ்சம் திரும்புங்க என்று அதனிடம் கெஞ்சுவார். அவர் கையில் ஜாய்ஸ்டிக். என் கையில் சக்கரம் மாற்றும் பட்டன்: அழுத்திப் பிடித்தால் ரப்பர் இறங்கும், விட்டால் ஆம்னி இறங்கும். தலைவி களத்தின் ஓரத்தில் நின்று எதிராளியைக் கவனித்துக் குரல் கொடுப்பார்.

பயிற்சி ஆட்டம் அருமையாகத் தொடங்கியது. பக்கவாட்டில் வழுக்கிப் போய்ப் பந்துகளை அள்ளினோம். எதிர் ரோபோ முட்ட வந்தது. பட்டனை அழுத்தினேன், ரப்பர் இறங்கியது, அவர்கள் சக்கரம்தான் நின்ற இடத்திலேயே சுற்றியது. எனக்குப் பெருமை தாங்கவில்லை. அந்த நேரம் பார்த்துத் தலைவி கத்தினார்.

“உடுங்க, உடுங்க.”

வண்டியை விடுங்கள், தள்ளிக்கொண்டு முன்னால் போங்கள் என்று ஓட்டுபவருக்குச் சொன்னது அது. அவரும் முழு வேகத்தில் விட்டார். நானோ பட்டனை விட்டேன். ரப்பர் ஏறிக்கொண்டது. ஆம்னியில் நின்ற எங்கள் ரோபோவை, கல்யாண மண்டபத்து நாற்காலியை ஒதுக்குவது போல ஓரமாக ஒதுக்கிவிட்டுப் போனார்கள்.

ஆட்டம் போனது. மூன்று பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். வேறு ஊராக இருந்தால் பெயரைச் சொல்லி, விடுடா என்று ஒரு அதட்டல் போட்டிருப்பார்கள். எங்கள் பக்கம் ஓர் ஆளுக்கும் உடுங்க, நாலு பேருக்கும் உடுங்க. ஓட்டுபவருக்குக் கொடுத்த மரியாதையில் எனக்கும் பங்கு வந்துவிட்டது.

தலைவி என் தோளில் கை வைத்தார். “உடுங்க அம்மணி. கழட்டிப்போட்டு சாதா சக்கரத்தையே மாட்டிக்கலாம்.”

இந்த ‘உடுங்க’ சுருக்கென்று தைத்தது. எனக்குக் கோபம் வந்தால் அழுகையும் சேர்ந்து வரும், அன்றும் வந்தது. மாட்யூல் என்ன தப்பு செய்தது, சொன்னதைத்தானே செய்தது என்று பொரிந்து தள்ளினேன். ஓட்டுபவர் சமாதானமாக, இனிமேல் ‘கோ’ என்று இங்கிலீஷில் சொல்லலாமே என்றார். ஒத்திகை பார்த்தோம். தலைவி ‘கோ’ என்று ஆரம்பித்து, பதற்றம் வந்ததும் ‘உடுங்க’வில் முடித்தார். வண்டியையும் மாட்டையும் வாய்க்கால் தண்ணீரையும் பிறந்ததிலிருந்து அந்தச் சொல்லால் விட்ட வாய் அது.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. வாயை எதற்கு மாற்ற வேண்டும்? நான்கு சிலிண்டருக்கும் காற்று ஒரே வால்விலிருந்துதான் போகிறது. அதில் இருந்த இரண்டு குழாய்களைப் பிடுங்கி, இடம் மாற்றிச் சொருகினேன். இனி அழுத்திப் பிடித்தால் ஆம்னி, விட்டால் ரப்பர். நடுவில் பேட்டரி போனாலும் ரப்பர்தான் தரையில் நிற்கும், அது உபரி லாபம். இன்னோர் ஆட்டம் கேட்டேன். சாப்பிட்டுவிட்டு வருகிறோம் என்றது அந்த அணி.

வந்தார்கள். முன்பு ஒதுக்கித் தள்ளிய தைரியத்தில் நேராக முட்டினார்கள். தலைவிக்கு ‘கோ’வெல்லாம் மறந்துபோனது.

“உடுங்க.”

ஓட்டுபவர் விட்டார். நானும் விட்டேன். ரப்பர் தரையைக் கவ்வியது. எதிர் ரோபோ பின்னோக்கியே போய்க் களத்துச் சுவரில் முட்டி நின்றது.

ஆட்டம் முடிந்ததும் நான் ஸ்பேனரை எடுத்துக்கொண்டு தலைவியிடம் போனேன், வேண்டுமென்றேதான். “ஏனுங்க, கழட்டிப்போடலாங்களா?” என்று கேட்டேன்.

“உடுங்க அம்மணி,” என்றார் அவர். ஸ்பேனரை என் கையிலிருந்து வாங்கிப் பெட்டிக்குள் போட்டுப் பூட்டினார்.